நீட்டிய சிறு கையும் மூன்றடி தானமும்

காலடிப்பேட்டையில் எழுந்தருளியிருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாளை ஸேவிக்க உத்ஸவ நாட்களில் வரும் அன்பர்கள் பல வழிகளில் வந்து சேர்கிறார்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறித் திருவொற்றியூர் நிலையத்தில் இறங்குவோர் உண்டு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் மெட்ரோ ரயிலில் வந்து காலடிப்பேட்டை நிலையத்திலேயே இறங்குவோரும் உண்டு. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் நெடுவரிசைக்கு நடுவே பஸ்ஸில் ஊர்ந்து வருவோரும் உண்டு. எவ்வழியில் வந்தாலும், பெருமாள் திருமுன் போய் நிற்பதற்கு முன்னரே அவர்களுக்கு ஒரு சோதனை வாய்ப்பதுண்டு. படிக்கட்டின் அடியிலோ, சிக்னல் விளக்கின் கீழோ, பூக்கடையின் ஓரத்திலோ ஒரு சிறு கை அவர்கள் முன் நீளுகிறது.

வாலாஜாபேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அவ்வாறு வந்து இறங்குவதாக வைத்துக்கொள்ளலாம். வயது முதிர்ந்த தாயார், அவருடைய மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன். மருமகளின் கையில் புளியோதரை நிறைந்த தூக்குப் பாத்திரம். நாளோ வேலை நாள். நேரமோ காலை பத்து மணி. பேரனைவிட உயரத்தில் சற்றே குறைந்த ஒரு சிறுவன் வெறுங்காலுடன் எதிரே வந்து கையை நீட்டுகிறான்.

"கோயிலுக்குப் போகிற வழியில் இல்லை என்று சொல்லலாமா, அப்பா? பச்சைக் குழந்தை. ஏதாவது போட்டுவிட்டு வா" என்கிறார் தாயார்.

"அம்மா, இந்தக் காசு இவனுக்குப் போகாது. எங்கேயோ ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். போடப் போடத்தான் இந்தத் தொழில் வளர்கிறது" என்கிறார் மகன்.

மருமகள் பேசவில்லை. பேரன் மட்டும் கேட்கிறான்: "அப்பா, இவனுக்கு இன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாதா?"

மூவர் வாய்ச்சொற்களில் மூன்று வகைத் தர்மம் அடங்கியிருக்கிறது. அவற்றுள் எது சரியானது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நியாயங்கள்

தமிழ்ப் பெரியோர் இவ்விஷயத்தில் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடவில்லை. ஔவையார் தம் ஆத்திசூடியில் பிறரிடம் ஏற்பதை இழிவென்று குழந்தைகளுக்குக் கற்பித்து, அடுத்த வரியிலேயே இரப்பவர்க்கு இட்டபின் உண்ணும்படி கற்பிக்கிறார். வள்ளுவரோ இரவு என்று ஓர் அதிகாரமும், அதனை ஒட்டியே இரவச்சம் என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் முரணல்ல. ஏற்பவனுக்கு ஒரு நீதி, இடுபவனுக்கு ஒரு நீதி. ஏற்பது இழிவென்ற காரணத்தால் இடாமல் இருப்பதற்கு எவருக்கும் அனுமதி இல்லை. இடுவது புண்ணியம் என்ற காரணத்தால் ஏற்பவர் கூட்டத்தைப் பெருக்குவதற்கும் எவருக்கும் அனுமதி இல்லை.

தாயாரின் பக்கம் பெரிய சான்றுகள் உண்டு. திருவொற்றியூருக்கு அடிக்கடி வந்து வழிபட்ட இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டு வடலூரில் தருமசாலையைத் தொடங்கியபோது, பசித்தவனிடம் குலம் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பசி என்பதொன்றே தகுதி. அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

மகனின் பக்கமும் வலுவில்லாமல் இல்லை. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பது பாமரரும் அறிந்த பழமொழி. குழந்தையைக் கொண்டு பிச்சையெடுப்பித்துப் பிழைப்போர் இருக்கிறார்கள் என்பது வெறும் வதந்தியன்று. சட்டமே அதற்குச் சான்று. குழந்தையைப் பிச்சையெடுக்க ஏவுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் விதிக்கிறது. பிச்சைக்கென்று குழந்தையைக் கடத்துவோருக்குப் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல். அங்கஹீனம் செய்வோருக்கு இருபதாண்டுக்குக் குறையாத தண்டனை என்று, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதை கூறுகிறது. நடவாத குற்றத்துக்கு இத்தனை கடுமையான தண்டனையை எவரும் வகுக்கமாட்டார்.

ஆயினும் கை நீட்டும் குழந்தைகள் அனைவருக்கும் பின்னால் ஒரு கொடியவன் நிற்பதாக எண்ணுவதும் பிழையே. துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரம் வேலை தேடி வருவோரின் ஊர். வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து, வேலை நின்றுபோய், வாடகைக்கு வழியின்றித் தெருவோரம் தங்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய குழந்தை கை நீட்டும்போது பின்னால் நிற்பது வறுமைதான். எதிரே வரும் யாத்திரிகர், எந்தக் கைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதை ஒரு நிமிஷத்தில் எவ்வாறு அறிவார்?

கஞ்சித் தொட்டி காட்டும் வழி

இவ்வினாவுக்கு இந்த வட்டாரமே ஒருமுறை விடை கண்டிருக்கிறது. மைசூர்ப் போர்க்காலத்தில், 1780-களின் தொடக்கத்தில், சென்னைப் பட்டணத்தைப் பஞ்சம் வாட்டியது. கிராமங்கள் அழிந்து பட்டினியால் வாடிய மக்கள் பட்டணத்தை நோக்கி வந்தார்கள். அப்போது 1782-இல் இராயபுரத்தை ஒட்டிய பகுதியில் கஞ்சி வார்க்கும் இடம் ஒன்று தோன்றிற்று. அதுவே மணியகாரர் சத்திரம். கஞ்சியை ஊற்றி வைத்த தொட்டியினால் அவ்விடத்துக்குக் கஞ்சித் தொட்டி என்ற பெயர் மக்கள் நாவில் நிலைத்தது. பசியோடு வந்தோருள் நோயாளிகளும் இருந்தார்கள். ஆகவே 1799-இல் அச்சத்திரத்தில் மருத்துவமும் தொடங்கியது. காலப்போக்கில் அது பெரிய ஆஸ்பத்திரியாகி, 1938-இல் மருத்துவக் கல்லூரியும் ஆயிற்று. இன்று அரசு ஸ்டான்லி மருத்துவமனை என்று உலகம் அழைக்கும் அவ்விடத்தை, கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே வடசென்னையின் முதியோர் சொல்லி வந்தார்கள்.

அன்று கஞ்சி வார்த்தவர்கள், வருவோர் போவோர் கையில் ஒரு காசு வைத்து அனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் அந்தத் தர்மம் அன்று மாலையே செலவாகி முடிந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யாமல் ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். பசித்தவன் அங்கேயே அமர்ந்து உண்டான். உண்டது அவன் வயிற்றுக்கே சென்றது. இடையில் நின்று பிடுங்குவதற்கு எவருக்கும் இடமில்லை. நோயுற்றவன் மறுநாளும் வரலாம். அவனை அறிந்தவர் ஒருவர் அங்கே இருப்பார். கையில் போட்ட காசுக்கும், நிலைபெற்ற அறத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஒரு நிமிஷத் தர்மம்

பண்டைக் காலத்து யாத்திரிகர் கால்நடையாகச் சென்றார். சத்திரத்தில் தங்கினார், குளத்தில் நீராடினார், திண்ணையில் அமர்ந்து ஊர்க்காரரோடு பேசினார். எந்தக் குழந்தைக்குத் தாய் தந்தை இல்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர் காதுக்கு எட்டியது. அவர் இட்ட தர்மம் பாத்திரம் அறிந்து இட்டதாக அமைந்தது.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் வண்டி ஓடிற்று. யாத்திரை எளிதாயிற்று. நடந்து பல நாட்களில் கடந்த தூரத்தைச் சில மணி நேரத்தில் கடக்க முடிந்தது. நன்மைதான். ஆனால் இரப்பவனும் இடுபவனும் முகம் பார்க்கும் நேரமும் அதே அளவில் சுருங்கிவிட்டது. இன்று பஸ் ஜன்னலுக்கும் நீட்டிய கைக்கும் இடையே கிடைப்பது சிக்னல் விளக்கு நிறம் மாறும் வரையிலான அவகாசமே. யாத்திரிகருக்கு அது ஒரு நிமிஷம். அக்குழந்தைக்கோ அது ஒரு வருஷம். அவர் போய்விடுவார், அது அங்கேயே நிற்கும்.

அவ்வாறு போய்விடுகிறவர், அக்குழந்தையின் வாழ்வைத் தாம் ஒரு நாணயத்தால் சரிசெய்துவிட்டதாக எண்ணுவதற்கு இடமில்லை. அதனைத் தம் மறுப்பால் திருத்திவிட்டதாக எண்ணுவதற்கும் இடமில்லை.

பகவத் கீதையின் பதினேழாவது அத்தியாயத்தில் கண்ணபிரான் தானத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறான். கைம்மாறு கருதாமல், இடமும் காலமும் பெறுபவரும் அறிந்து கடமையென்று கொடுப்பது உத்தமம். பலனை எண்ணியோ மனம் நொந்தோ கொடுப்பது அடுத்தது. தகாத இடத்தில், தகாத காலத்தில், அவமதிப்போடு கொடுப்பது கடையானது. ஸந்நிதிக்குள் நுழையுமுன் புண்ணியக் கணக்கில் ஒன்று ஏறட்டும் என்று போடும் காசு எந்த வகை? தொல்லை விட்டால் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எறியும் காசு எந்த வகை? பெரும்பாலான சில்லறைத் தர்மம் இவ்விரண்டில் ஒன்றாகவே முடிகிறது என்பதை நெஞ்சில் கை வைத்துப் பார்ப்போர் ஒப்புக்கொள்வர்.

மாணியின் பிச்சை

குழந்தை பிச்சையெடுப்பது பாரத நாட்டுக்குப் புதிதா என்று கேட்போர் உண்டு. உபநயனம் ஆன சிறுவன் முதல் பிச்சையைத் தாயிடமே கேட்கிறான். குருகுலத்தில் வாழ்ந்த பிரம்மசாரிக்குப் பிச்சையே விதிக்கப்பட்ட உணவு. அப்படியிருக்க, இன்றைய சிறுவன் கை நீட்டுவதில் என்ன தவறு?

நுணுகி நோக்க வேண்டிய இடம் இது. இந்நாட்டு மரபில் மதிக்கப்பட்ட பிச்சை பல வகை. துறவியின் பிச்சை ஒன்று. செல்வத்தையெல்லாம் துறந்து ஓடேந்திய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. அவர் ஏற்றது, இருந்ததை விட்ட பின்னர். மாணவனின் பிச்சை மற்றொன்று. அவன் ஏற்றது, கற்பதற்காக. உணவு தேடும் கவலை அவன் பாடத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஊரார் இட்டார்கள். முதியோரும் நோயாளரும் ஏற்பது மூன்றாவது. உழைக்கும் உடல் அவர்களுக்கு இல்லை.

சிக்னல் விளக்கின் கீழ் நிற்கும் குழந்தை இம்மூன்றில் எதிலும் சேராது. துறப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. உடல் தளரும் வயதும் அதற்கு இல்லை. இனிமேல்தான் வளர வேண்டும். கற்பதற்காக அது ஏற்கிறதா என்றால், கற்க வேண்டிய நேரத்தில்தான் அது ஏற்கிறது. அன்று இட்ட பிச்சை ஒரு குழந்தையைக் குருகுலத்தில் இருத்தியது. இன்று போடும் காசு ஒரு குழந்தையைப் பள்ளிக்கு வெளியே இருத்துகிறது. கை ஒன்றுதான், நீட்டுவதும் ஒன்றுதான், பயன் நேர் எதிரானது.

தமிழ்நாட்டில் இவ்வேற்றுமை இன்னும் கூர்மையாகத் தெரியும். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் குழந்தைகளுக்கு உணவளிக்கும் முயற்சி தொடங்கியது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஆகவே காலை பத்து மணிக்குத் தெருவில் நிற்கும் சிறுவனுக்கென்று, ஏதோ ஒரு பள்ளியில் ஒரு தட்டுச் சோறு இருக்கிறது. அவன் வந்து அமர்வதுதான் பாக்கி. பள்ளி நேரத்தில் அவன் கையில் விழும் ஒவ்வொரு நாணயமும் அந்தத் தட்டோடு போட்டியிடுகிறது. பேரன் கேட்ட கேள்வியே சரியான கேள்வி என்பது இதனால் விளங்கும்.

சுக்கிரன் இழந்த கண்

அப்படியானால் மகன் சொன்னபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் தர்மமா? அதற்குள் முடிவு கட்டிவிடக் கூடாது. கை நீட்டி நின்ற ஒரு சிறுவனின் கதையை வைணவர்கள் நன்கு அறிவார்கள். மகாபலியின் வேள்விச்சாலையில் குறள் உருவாய் வந்து மூன்றடி மண் கேட்ட வாமனனே அச்சிறுவன்.

பலி தாரை வார்க்க முற்பட்டபோது சுக்கிராசாரியார் தடுத்தார். அவர் சொன்னது என்ன? வந்திருப்பது வெறும் சிறுவனல்லன், இந்தக் கைக்குப் பின்னால் வேறொருவன் இருக்கிறான் என்பதே. இன்று மகன் தாயாரிடம் சொன்னதும் அதுவே. சுக்கிரன் சொன்னது பொய்யன்று, முற்றிலும் உண்மை. ஆயினும் கமண்டலத்தின் வாயை அடைத்த குற்றத்துக்காக அவர் ஒரு கண்ணை இழந்தார்.

உண்மையைச் சொன்னவருக்கு ஏன் இத்தண்டனை? அவ்வுண்மையைக் கொண்டு அவர் செய்த ஒரே காரியம் தானத்தை நிறுத்துவது. அறிவு அவருக்கு இருந்தது. அது நீர் வார்க்கும் வாயை அடைப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. குழந்தைக்குக் காசு போடக் கூடாது என்று அறிந்தவருள் பலருடைய அறிவும் அங்கேயே நின்றுவிடுகிறது. போடாமல் மிச்சப்படுத்திய காசு அவர் பையிலேயே இருக்கிறது. செலவழியாத இரக்கமும் நெஞ்சிலேயே இருந்து உலர்ந்துபோகிறது. கஞ்சத்தனம் விவேகத்தின் ஆடையை உடுத்து வரும்போது அதனை அடையாளம் காண்பது அரிது.

வாமனனுக்குப் பின்னால் நின்றவன் உலகளந்த பெருமான். தெருவில் நிற்கும் குழந்தைக்குப் பின்னால் நிற்பவன் ஒரு பாதகனாக இருக்கக் கூடும். ஆதலின் கண்ணை மூடிக்கொண்டு வார்க்கவும் கூடாது. சுக்கிரனின் அறிவும் வேண்டும். பலியின் நெஞ்சும் வேண்டும். நீர் தவறான பாத்திக்குப் பாய்கிறது என்று கண்ட உழவன் ஏற்றத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. மடையை மாற்றி விடுகிறான்.

இதனின்று ஒரு நியாயம் பிறக்கிறது. காசு போடுகிறவரைவிடப் போட மறுக்கிறவருக்கே கடன் அதிகம். போடுகிறவர் தம்மால் இயன்ற சிறியதைச் செய்தார். மறுக்கிறவர், அதைவிடப் பெரியது ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தாமே ஒப்புக்கொண்டவர். அந்தப் பெரியதைச் செய்யாமல் நடந்தால் அவர் மறுப்பு வெறும் மறுப்பே.

மூன்று அடிகள்

அப்பெரியது யாது? வாமனன் கேட்டது போல மூன்றே அடிகள்.

முதலடி, முகம் கொடுத்தல். காசு இல்லை என்று சொல்வதாக இருந்தாலும் குழந்தையைக் குழந்தையாகப் பார்த்துச் சொல்லலாம். "போ, போ" என்று நாயை விரட்டுவது போல விரட்டுவது பாபம். பெயரைக் கேட்பதற்கும், "எங்கே இருக்கிறாய்? அம்மா எங்கே?" என்று விசாரிப்பதற்கும் காசு தேவையில்லை. இரக்கத்தின் பேரால் கைபேசியில் அதனைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதும் தகாது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமும் தடுத்திருக்கிறது.

இரண்டாம் அடி, குழந்தையின் வயிற்றுக்கே போய்ச் சேர்வதைக் கொடுத்தல். பசி என்று கேட்டால் உணவு கொடுக்கலாம். பிரிக்காத பொட்டலம் மறுபடியும் கடைக்கே திரும்பி விலையாவதுண்டு. ஆகவே பிரித்து, இலையில் வைத்து, எதிரிலேயே உண்ணச் செய்வது நன்று. திருக்கோயில்களில் ததியாராதனம் நடக்கிறது. 2002-ஆம் ஆண்டு முதல் அரசின் அன்னதானத் திட்டமும் பல கோயில்களில் நடந்து வருகிறது. வாசலில் நிற்கும் குழந்தையைப் பந்தியில் தம் பக்கத்தில் அமர்த்திக்கொள்வதைவிடச் சிறந்த கைங்கரியம் வேறு உண்டோ? பந்தியில் அமர்ந்தவன் பிச்சைக்காரனல்லன். பெருமாளின் பிரஸாதத்தைப் பெற வந்த விருந்தினன்.

மூன்றாம் அடிதான் கடினம். பலி மூன்றாம் அடிக்குத் தன் தலையையே கொடுத்தான். யாத்திரிகர் கொடுக்க வேண்டியது தம் நேரத்தில் ஒரு கால் மணி. 1098 என்ற எண் குழந்தைகளின் உதவிக்கென்றே உள்ளது. 1996-இல் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் பரவிய இந்தச் சேவையை இன்று அரசே நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இடம், நேரம், குழந்தையின் நிலை ஆகியவற்றைச் சொன்னால் போதும். பிச்சையெடுக்கும் குழந்தை இன்றைய சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அன்று. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அதனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கொண்டு செல்ல வேண்டும். குடும்பத்தோடு சேர்த்து வைக்க இயலுமானால் அதுவே முதல் வழி. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள குழந்தையைப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் பள்ளியில் சேர்க்காமல் இருக்கவும் கூடாது. ஊரிலேயே வாழும் அன்பர்கள் இதனை அறிந்து ஒரு குழந்தையைக் கை பிடித்து அழைத்துச் சென்றால், வழிப்போக்கரால் ஆகாதது அவரால் ஆகும்.

எஞ்சி நிற்கும் வலி

இவ்வளவு சொல்லியும் ஒரு வலி எஞ்சி நிற்கிறது. அதனை மறைப்பது நேர்மையாகாது. காசின்றித் திரும்பும் குழந்தை அன்று இரவு அடிபடலாம். அதன் தாய்க்கு அன்று உலை ஏறாமல் போகலாம். தொழில் வளரக் கூடாது என்ற பொது நியாயத்துக்கு இந்த ஒரு குழந்தையின் முதுகு விலையாவது முறையா?

இல்லங்களும் வைகுண்டமல்ல. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இராயபுரத்து அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 குழந்தைகளுக்குக் கொரோனா தொற்றியபோது, நாட்டின் உச்ச நீதிமன்றமே விவரம் கேட்க நேர்ந்தது. ஒரு குழந்தையைத் தெருவிலிருந்து எடுப்பதோடு அறம் முடிவதில்லை. எடுத்து வைத்த இடத்தில் அது நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் கண்களும் வேண்டும் என்பதையே அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஆகவே தாயாரின் கை ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டால், அவரைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. நெஞ்சு உருகிய கையைத் தர்மசாஸ்திரம் வெட்டாது. ஆனால் அந்நாணயத்தோடு கடன் தீர்ந்தது என்று அவரும் எண்ணலாகாது. மகனின் கை காசைப் போடாமல் நின்றுவிட்டால், அவரைக் கல்நெஞ்சர் என்பதற்கும் இல்லை. ஆனால் அந்தக் கை உடனே வேறொன்றைச் செய்யத் தொடங்க வேண்டும். இருவருக்கும் உள்ள வேற்றுமை ஒரு நாணயம்தான். இருவருக்கும் பொதுவாக எஞ்சி நிற்கும் கடமையோ மூன்றடி.

மணலும் பிரஸாதமே

பகவத் ராமாநுஜரைப் பற்றிப் பெரியோர் ஒரு வரலாறு சொல்வார்கள். அவர் பிக்ஷைக்கு எழுந்தருளிய வீதியில் சிறுவர்கள் மண்ணில் கோயில் கட்டிப் பெருமாளை வரைந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டாக மணலை அமுது செய்வித்து, அவரையும் அழைத்துப் பிரஸாதம் என்று நீட்டினார்கள். உடையவர் தண்டன் ஸமர்ப்பித்து, அந்த மணலைப் பயபக்தியோடு ஏற்றுக்கொண்டார். அங்கே கொடுத்தவர்கள் குழந்தைகள், ஏற்றவர் ஆசாரியர். குழந்தையின் கை கொடுக்கும் கையாக இருக்கக் கண்டு அவர் திருவுள்ளம் உகந்தது.

இரக்கும் கையை நிரப்புவதோடு தர்மம் முழுமை பெறுவதில்லை. அந்தக் கை ஒருநாள் கொடுக்கும் கையாக வளர வேண்டும். அதற்கு உதவுவதே முழுமையான தானம். அதனைத் தடுப்பது எதுவாயினும், அது வெள்ளிக் காசாகவே இருப்பினும், தானமாகாது.

காலடிப்பேட்டைக்கு அப்பெயர் வந்த விதத்தைப் பலரும் அறிவர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் கோலட் என்பவரின் பெயரால் நெசவாளர்களுக்கென அமைந்த குடியிருப்பு கோலட் பேட்டை எனப்பட்டது. மக்கள் நாவில் அது காலடிப்பேட்டை ஆயிற்று. வேற்று நாட்டார் பெயர் தேய்ந்து, எம்பெருமான் திருவடியை நினைவூட்டும் சொல்லாக மாறியது தற்செயலே எனினும் இனியதே. மூன்றடி கேட்டவன் திருவடியைத் தேடி வருவோர், வழியில் மூன்றடி வைப்பது பொருத்தமே அன்றோ?

அந்த வாலாஜாபேட்டைக் குடும்பம் என்ன செய்யும்? தாயார் பூக்கடை ஓரத்தில் அமர்ந்து தூக்குப் பாத்திரத்தைத் திறக்கச் சொல்வார். மருமகள் இரண்டு இலைத் துண்டுகளில் புளியோதரை வைப்பார். பேரனும் அந்தச் சிறுவனும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்பார்கள். மகன் சற்று ஒதுங்கி நின்று 1098-ஐ அழைத்து விவரம் சொல்வார். வருகிறவர்கள் வரும் வரை நிற்பார். இதற்குள் நேரம் ஆகிவிடும். ஸந்நிதியை அடையும்போது திரை சாத்தியிருக்கும். மறுபடியும் திரை திறக்கும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்கட்டும். ஒரு குழந்தையின் பொருட்டுத் தாமதமாக வந்தவர்களைப் பெருமாள் கோபிக்கமாட்டான். அவனே ஒருகாலத்தில் சிறுவனாய் வந்து கை நீட்டி நின்றவன் அன்றோ?